மரவை கடைய கௌஜ்: பிடிப்பதும் சாணை பிடிப்பதும்

கௌஜ், அதாவது பள்ளம் வெட்டிய கடைசல் உளி, கூராக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். லேத்துக்குக் கீழே கிடக்கும் குப்பையைப் பாருங்கள். நீளமான சுருள் சீவலாகக் கிடந்தால் உளி வெட்டுகிறது. மாவு மாதிரி தூளாகக் கிடந்தால் உளி சுரண்டுகிறது. மரத்தின் நாரைப் பிய்த்து எடுக்கிறது. அந்த இடத்தில் எத்தனை உப்புத்தாள் தேய்த்தாலும் பிய்ந்த நார் போகாது.

பெரம்பூரில் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன இடத்தில்தான் நான் கடைகிறேன். முதல் இரண்டு வருடம் சாணை பிடிப்பதை வேலைக்கு நடுவே வரும் தொந்தரவாகவே நினைத்தேன். மரம் சரியில்லை, லேத் ஆடுகிறது, எனக்குக் கை வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை இருந்த இடம் சாணைக்கல். ஒவ்வொரு தடவையும் கௌஜுக்கு ஒரு புது வடிவம் வந்துகொண்டிருந்தது. நேற்று பழகிய உளி இன்று வேறு உளி. அப்படியிருந்தால் கை எதைக் கற்றுக்கொள்ளும்? அதனால்தான் இந்த வழிகாட்டியில் சாணையை முதலில் வைத்திருக்கிறேன். ஒரே வடிவம், அடிக்கடி, கொஞ்சமே கொஞ்சமாகத் தீட்டுவது. இது கைவந்துவிட்டால் கடைசல் பாதி வந்துவிட்டது என்றே சொல்வேன்.

மரவை என்ற சொல்லைச் சிலர் மறந்திருக்கலாம். பாட்டி வீட்டுச் சமையலறையில் உப்பும் புளியும் போட்டு வைத்திருந்த மரக்கிண்ணம்தான். உப்பும் புளியும் உலோகத்தை அரித்துவிடும், மரத்தை ஒன்றும் செய்யாது. நாம் கடையப்போவது அதைத்தான்.

எந்த கௌஜ்?

கடையில் கௌஜ் என்று கேட்டால் மூன்று வகையைக் காட்டுவார்கள். மூன்றுக்கும் வேலை வேறு.

முதலாவது பவுல் கௌஜ். உருண்டையான கம்பியில் ஆழமாகப் பள்ளம் வெட்டியிருக்கும். விளிம்புக்கு அடியில் இரும்பு தடிமனாக நிற்பதால், லேத்தில் உளியை வைக்கும் தாங்கியிலிருந்து தூரமாக நீட்டிப் பிடித்தாலும் அதிராது. இரண்டாவது ஸ்பிண்டில் கௌஜ். இதில் பள்ளம் மேலோட்டமாக இருக்கும். நாற்காலிக் கால், கட்டில் கால் போல நார் நீளவாக்கில் ஓடும் வேலைக்கு உரியது. மூன்றாவது ரஃபிங் கௌஜ். பாதி பிளந்த குழாய் மாதிரி அகலமாக இருக்கும். பார்த்தால் மூன்றிலும் வலுவானது இதுதான் என்று தோன்றும். ஆனால் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மெல்லிய வால்தான் இருக்கும்.

ரஃபிங் கௌஜை மரவைக் கட்டையின் அருகே கொண்டுபோகவே கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறு உளி கொண்ட ஒரு செட்டை ‘எல்லா வேலைக்கும் ஆகும்’ என்று சொல்லி விற்றார்கள். மாங்கட்டையை உருட்டாக்க அதில் பெரியதாக இருந்ததை எடுத்தேன். மூன்றாவது நிமிடம் வால் கைப்பிடியோடு ஒடிந்தது. உளி என் தோளை ஒட்டிப் பறந்து, பின்சுவரின் பூச்சைப் பெயர்த்துவிட்டு விழுந்தது. காரணம் எளிது. மரவைக் கட்டையில் நார் குறுக்கே ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நாரின் வெட்டுமுனை உளியை எதிர்த்து வருகிறது. அகலமான விளிம்பை அது அப்படியே பற்றி இழுக்கிறது. மெல்லிய வாலால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது.

அளவில் ஒரு குழப்பம் உண்டு. இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள் பள்ளத்தின் அளவைச் சொல்வார்கள், அமெரிக்கர்கள் தண்டின் விட்டத்தைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் அரை அங்குலம் என்று விற்பதன் தண்டு 16 மி.மீ., அமெரிக்காவில் அரை அங்குலம் என்றால் தண்டே 12 மி.மீ. சொச்சம்தான். ஆன்லைனில் வாங்கும்போது தண்டு எத்தனை மி.மீ. என்று கேட்டுவிடுங்கள். 8 அங்குல மரவை வரைக்கும் 12 மி.மீ. தண்டு போதும். அதற்கு மேல் போனால் 16. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 16 மி.மீ. வாங்குங்கள்.

உலோகம் எச்.எஸ்.எஸ்., அதாவது ஹைஸ்பீடு ஸ்டீல்தான் வேண்டும். பரவலாகக் கிடைப்பது எம்2 ரகம். இதில் டங்ஸ்டன் ஏறக்குறைய 6 சதவீதமும் மாலிப்டினம் 5 சதவீதமும் இருக்கும். பழைய கார்பன் இரும்பு உளி சாணையில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். எச்.எஸ்.எஸ். நீலமானாலும் பதம் போகாது. ஆனால் சூடாக இருக்கும்போது அதைத் தண்ணீரில் முக்காதீர்கள். திடீரென்று குளிர்ந்தால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அப்படியே ஆறவிடுங்கள்.

கோணம்

பவுல் கௌஜில் முனையிலுள்ள மூக்கு, அதன் இரண்டு பக்க விளிம்புகளான இறக்கைகள், அவற்றுக்கு அடியில் சரிவாகத் தேய்த்த பெவல் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மூக்கில் பெவல் 40 பாகையிலிருந்து 70 பாகை வரை எப்படியும் வைக்கலாம். கோணம் குறையக் குறைய வெட்டு வழுவழுப்பாக வரும். ஆனால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும், ஆழமான மரவைக்குள் கைப்பிடி இடிக்கும்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது மூக்கில் 55 பாகை. இறக்கைகள் இரண்டும் நன்றாகப் பின்னால் சாய்ந்து போக வேண்டும். இதை ஐரிஷ் கிரைண்டு என்பார்கள். தள்ளி வெட்டலாம், இழுத்து வெட்டலாம், இறக்கையால் மெல்லச் சுரண்டவும் செய்யலாம். மூக்கிலும் இறக்கையிலும் 40 பாகையாக வைக்கும் 40/40 என்ற முறைக்கும் நிறைய ரசிகர்கள் உண்டு. அதன் வெட்டு மிக அழகு. ஆனால் ஜிக் (உளியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) இல்லாமல் வெறும் தட்டில் வைத்துக் கையால் பிடிக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாக ஒரு கௌஜ் வாங்கும்போது அதை 65 முதல் 70 பாகைக்கு, இறக்கையைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது மரவையின் உள்ளடிக்கு. ஏன் என்பது பின்னால் வரும்.

சாணை மிஷின்

சென்னையில் வெறுமனே கிரைண்டர் என்று கேட்டால் மாவு அரைப்பதைக் காட்டுவார்கள். பெஞ்ச் கிரைண்டர் என்று கேளுங்கள். பாரிமுனைப் பக்கம் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் 6 அங்குலமும் 8 அங்குலமும் இருக்கும். 8 அங்குலம் வாங்குங்கள். கல் பெரிதாக இருந்தால் பெவல் அதிகம் குழியாது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும், மெதுவான ரகம் 1,440 சுற்றுக்குப் பக்கத்தில். பழகுகிறவருக்கு மெதுவானதுதான் நல்லது. கை தவறினாலும் கொஞ்சமே தேயும்.

கூடவே வரும் சாம்பல் கல்லைக் கழற்றிவிட்டு, 80 கிரிட் (மணியின் நுண்மை எண்) வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் மாட்டுங்கள். சாம்பல் கல் சீக்கிரம் பளபளத்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் வெட்டாமல் சூடுதான் ஏற்றும். வெள்ளைக் கல் தன் மேல்பரப்பைத் தானே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். பச்சைக் கல் கார்பைடு முனைகளுக்கு உரியது, நமக்கு வேண்டாம்.

புதுக் கல்லை மாட்டுவதற்கு முன் நடு ஓட்டையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்குரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல். சத்தம் செத்துப்போய் ‘டொக்’ என்று வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. அதை மாட்டாதீர்கள், திருப்பிக் கொடுங்கள். மாட்டிய பிறகு முதல் ஒரு நிமிடம் பக்கவாட்டில் தள்ளி நின்று ஓடவிடுங்கள். தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கல்லின் பக்கவாட்டில் தேய்ப்பதும் கூடாது. கல்லில் பளபளப்போ பள்ளமோ தெரிந்தால் வைர டிரஸ்ஸரை ஒரு தடவை குறுக்கே ஓட்டிச் சமன்செய்யுங்கள்.

சி.பி.என். சக்கரம் என்று ஒன்று இருக்கிறது. இரும்புச் சக்கரத்தின் மேல் கியூபிக் போரான் நைட்ரைடு ஒட்டியது. விலை பல மடங்கு. ஆனால் தேய்ந்து சிறுக்காது என்பதால் ஜிக்கில் ஒருமுறை வைத்த அளவு மாறவே மாறாது, டிரஸ்ஸரும் தேவையில்லை. நான் நான்கு வருடம் வெள்ளைக் கல்லில் பழகிய பிறகுதான் வாங்கினேன். அதுதான் சரியான வரிசை என்று இப்போதும் நினைக்கிறேன். ஒன்று மட்டும்: பதமில்லாத மென்மையான இரும்பை அதில் தேய்க்காதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கௌஜைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அருவாமனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கை அருமையான கை. ஆனால் கௌஜின் விளிம்பு மூக்கில் வளைந்து, இறக்கையில் திரும்பி, பின்னால் சரிந்து போகிறது. அந்த வடிவம் உங்கள் லேத்தோடும் நீங்கள் நிற்கும் விதத்தோடும் சேர்ந்தது. அதை நீங்களேதான் பிடிக்க வேண்டும்.

ஜிக்

கனடாவின் ஒன்வே நிறுவனம் செய்யும் வுல்வரின் ஜிக்கும் அதோடு சேரும் வேரிகிரைண்டும் உலகம் முழுக்கப் பிரபலம். வாங்க முடியாதவர்கள் அதே தத்துவத்தில் சதுரக் குழாயும் பிளைவுட்டும் வைத்துச் செய்துகொள்ளலாம். அம்பத்தூர் பக்கம் எந்த வெல்டிங் பட்டறையிலும் அரைநாளில் முடிந்துவிடும். தத்துவம் இதுதான். கௌஜ் ஒரு பிடிக்குள் உட்காரும். பிடியின் கால் கல்லுக்கு முன்னால் ஒரு குழியில் குத்தி நிற்கும். அந்தக் கால் சுழலும்போது கௌஜ் மூக்கிலிருந்து இறக்கைக்குத் தானாக உருளும்.

மூன்று அளவுகள் மாறாமல் இருக்க வேண்டும். பிடியிலிருந்து கௌஜ் எவ்வளவு நீட்டியிருக்கிறது, கால் என்ன கோணத்தில் இருக்கிறது, குழி கல்லிலிருந்து எவ்வளவு தூரம். நான் 45 மி.மீ. நீட்டுகிறேன். மேஜை ஓரத்தில் 45 மி.மீ. தள்ளி ஒரு கட்டையைத் திருகி வைத்திருக்கிறேன். கௌஜின் மூக்கை அதில் முட்டவைத்து பிடியை இறுக்கினால் அளவு வந்துவிடும். ஸ்கேலை எடுக்கவே வேண்டாம். குழியின் தூரத்துக்கும் அதே மாதிரி ஒரு ரீப்பர் துண்டு.

தீட்டும் முறை

1. பெவல் முழுக்க கறுப்பு மார்க்கர் பூசுங்கள்.

2. மிஷினைப் போடாமல், கௌஜைக் கல்லில் வைத்துக் கல்லைக் கையால் அரைச்சுற்று சுற்றுங்கள். மை எங்கே அழிந்தது என்று பாருங்கள். விளிம்புப் பக்கம் மட்டும் அழிந்திருந்தால் இந்த அமைப்பு ஏற்கெனவே இருப்பதைவிட மொட்டைக் கோணம். அடிப்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் அதிகக் கூர்க்கோணம். மேலிருந்து கீழ்வரை ஒரே பட்டையாக அழியும் வரைக்கும் குழியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

3. கண்ணாடி போட்டுக்கொண்டு, மிஷினைப் போட்டு, வேகம் பிடிக்கும் வரை காத்திருங்கள்.

4. ஒரு இறக்கையில் ஆரம்பித்து, மூக்கு வழியாக, அடுத்த இறக்கை வரை ஒரே ஓட்டமாக உருட்டுங்கள். அழுத்தவே கூடாது. தண்டின் மேல் ஒரு விரல் சும்மா கிடந்தால் போதும். இறக்கைகளில் கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள், அங்கே இரும்பு அதிகம். மூக்கை வேகமாகக் கடந்துவிடுங்கள், அங்கே ஒரு நொடி தாமதித்தாலும் தேய்ந்துவிடும்.

5. தீப்பொறியைப் பாருங்கள். முதலில் பொறி முழுவதும் பெவலுக்கு அடியில்தான் பறக்கும். கல் விளிம்பைத் தொட்டதும், சில பொறிகள் விளிம்பைத் தாண்டி மேலே வந்து பள்ளத்துக்குள் விழும். விளிம்பு முழுவதும் அப்படி வந்துவிட்டால் வேலை முடிந்தது, அதோடு நிறுத்துங்கள்.

வழக்கமான தீட்டலுக்கு இரண்டு அல்லது மூன்று ஓட்டம் போதும். ஜிக்கில் மாட்டிக் கழற்றுவதோடு சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் நேருக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே பரப்பே இல்லை. எங்கேயாவது தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக்கோடு மின்னினால் அந்த இடம் இன்னும் மொட்டை. எனக்கு இந்தக் கோட்டைப் பார்க்கப் பழகியது பெரிய திருப்பம். அதற்கு முன்னால் நகத்தில் வைத்துப் பார்ப்பேன், நகம் எல்லாவற்றையும் கூர் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

வடிவம் கெட்டுப்போன கௌஜையும் அந்த வெள்ளைக்கோட்டை வைத்தே சரிசெய்யலாம். பெரும்பாலும் கெடுவது ஒரே மாதிரிதான். மூக்குக்கும் இறக்கைக்கும் நடுவில் அதிகம் தேய்த்து அங்கே ஒரு குழிவு விழுந்துவிடும், மூக்கு கிளி மூக்கு மாதிரி கூர்ந்து நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இறக்கையின் கோடு மூக்கிலிருந்து நேராகவோ சற்று மேல்நோக்கி வளைந்தோ போக வேண்டும். எங்கேயும் கீழே குழியக் கூடாது. சரிசெய்ய, கௌஜைக் குப்புறக் கவிழ்த்து, பள்ளம் கல்லைப் பார்க்க, தாங்கியில் தட்டையாக வைத்து இரண்டு இறக்கையின் மேல்விளிம்பையும் மெல்லத் தேய்த்து ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது விளிம்பு முழுக்கத் தடிமனான வெள்ளைக்கோடு தெரியும். சில இடத்தில் தடிமன், சில இடத்தில் மெல்லிசு. அடுத்து ஜிக்கில் மாட்டி, தடிமனாக இருக்கும் இடத்தில் மட்டும் அதிகம் நின்று தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறைய வேண்டும். கடையிலிருந்து வந்த புது கௌஜுக்கும் நான் முதலில் இதைத்தான் செய்கிறேன்.

கடைசியாகப் பெவலின் அடி முனையைக் கொஞ்சம் உடைத்துவிடுங்கள். கையாலேயே, கீழ்ப்பாதியை வேறொரு சரிவாகத் தேய்த்தால் போதும். மரவையின் உள்வளைவில் அந்த அடி முனைதான் மரத்தை அழுத்தி, எண்ணெய் பூசிய பிறகு பளபளப்பான வளையங்களாகத் தெரியும்.

எப்போது தீட்டுவது? காய்ந்த வாகையிலோ தேக்கிலோ ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. பச்சை மரத்தில் கொஞ்சம் கூடுதலாக ஓடும். அழுத்திப் பிடிக்கத் தோன்றிய கணமே லேத்தை நிறுத்திவிடுங்கள். வெளிப்பக்கத்தின் கடைசி ஓட்டத்துக்கும் உள்பக்கத்தின் கடைசி ஓட்டத்துக்கும் எப்படியிருந்தாலும் புதுக்கூர் வேண்டும்.

கட்டை

சென்னையில் கடைசலுக்கு மரம் தேடி ரொம்ப அலைய வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்போது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் விழுந்த பூவரசில் அவர்கள் கொடுத்த துண்டுகள்தான் நான் கடைந்ததிலேயே நல்லவை. பூவரசின் வைரம் சாக்லேட் நிறத்தில், இழை நெருக்கமாக, கௌஜுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். மா பழகுவதற்கு நல்லது. வேம்பும் நன்றாகக் கடையும். தூங்குமூஞ்சியில் கோடுகள் அழகு, தூள் மூக்கில் காரமாக ஏறும். முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். ரோட்டோரம் விழுந்த மரத்தை எடுப்பதற்கு மாநகராட்சி ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நட்டநடு மையத்தை வெட்டி நீக்கிவிடுங்கள். அது இருந்தால் காய்ந்ததும் வெடிக்கும். பச்சை மரமாக இருந்தால் முதலில் சுவர்த் தடிமனை விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக வைத்துக் கடைந்து, வெட்டுமுனையில் மெழுகு பூசி, சில மாதம் நிழலில் காயவைத்து, கோணிய பிறகு மறுபடி மாட்டிக் கடையலாம்.

வெளிப்பக்கம்

லுங்கி, தொங்கும் துப்பட்டா, நீளக் கை சட்டை, கையுறை எதுவும் வேண்டாம். முகத்துக்கு முழு ஷீல்டு போடுங்கள். மரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் வர வேண்டும். 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. கோணல் கட்டையாக இருந்தால் இன்னும் கீழே ஆரம்பியுங்கள். லேத்தின் சுழலும் தட்டான ஃபேஸ்பிளேட்டில் கட்டையைத் திருகி, எதிர்முனையில் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் முட்டக்கொடுத்து, கையால் ஒரு சுற்று சுற்றித் தாங்கியில் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்று சுவிட்சைப் போடுங்கள்.

இப்போது திசை. வெளியே அடியிலிருந்து வாய்க்கு, உள்ளே வாயிலிருந்து நடுவுக்கு. ஏன் என்று தெரிந்தால் மறக்காது. ஒரு சின்ன அப்பளத்தின் மேல் கொஞ்சம் பெரிய அப்பளம், அதன் மேல் இன்னும் பெரியது என்று அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மரவையில் நார் அப்படித்தான் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கீழே சின்ன அப்பளத்தின் ஓரத்திலிருந்து மேலே போனால், ஒவ்வொன்றின் ஓரத்துக்கும் பின்னால் அதைவிடப் பெரிய ஒன்று முட்டுக்கொடுக்கிறது, உளி சுத்தமாக வெட்டும். மேலேயிருந்து கீழே வந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. உடையும். உள்பக்கம் இதற்கு நேர் எதிர்.

ஒருநாள் வீட்டுக் கதவு பார்க்க வந்த வயதான ஆசாரி ஒருவர், மாடியில் நான் கடைவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “தம்பி, மரம் கத்துதே, கேக்கலையா?” என்றார். “லேத் சத்தம்ணே” என்றேன். “லேத் சத்தம் ஒரே மாதிரி இருக்கும். இது விட்டு விட்டுக் கத்துது. நார் எதிர்க்குது” என்றார். அவர் கௌஜைத் தொட்டதே இல்லை. ஆனால் சரியாகச் சொன்னார். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் நார் எப்போதும் எதிர்த்துத்தான் வரும், அந்த ‘ர்ர் - ர்ர்’ சத்தம் அதுதான். திசையைத் திருப்பி, உளியையும் தீட்டியதும், அது ஒரே ‘ஸ்ஸ்’ என்ற சீறலாக மாறியது. இன்றைக்கும் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன்.

பிடிக்கும் முறை இது. முதலில் கௌஜ் தாங்கியில் உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். தொடும்போதும் விளிம்பு தொடக் கூடாது, பெவலின் அடி தொட வேண்டும். மரம் பெவலில் உரசிக்கொண்டே சுற்றும், ஒன்றும் வெட்டாது. இப்போது கைப்பிடியை மெல்லத் தூக்குங்கள். ஒரு கட்டத்தில் மெல்லிய சீவல் எழும். அங்கேயே நிறுத்துங்கள். பெவல் மரத்தில் சாய்ந்திருக்கும் வரைக்கும் உளி உள்ளே பாய முடியாது.

பள்ளம் எங்கே பார்க்க வேண்டும்? நேரே வானத்தைப் பார்த்தால் ஆபத்து. நீங்கள் போகும் திசைப் பக்கம் 45 பாகை சாய்ந்திருக்கட்டும். வெட்டு நடப்பது மூக்குக்குச் சற்றுக் கீழ்ப்பக்க விளிம்பில். மேல் இறக்கை மரத்தைத் தொட்டால் அந்த நொடியே உளி கடித்துக்கொள்ளும். கட்டை பிடுங்கிக்கொண்டு பறப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கைப்பிடியை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, கைகளை அசைக்காமல், உடம்பை ஒரு பக்கத்துக் காலிலிருந்து அடுத்த காலுக்கு மாற்றி நகருங்கள். கை மட்டும் நகர்ந்தால் வளைவு திட்டுத் திட்டாக வரும். தாங்கியை அடிக்கடி நகர்த்த சோம்பல்படாதீர்கள். 12 மி.மீ. தண்டு 8 செ.மீ. வரை, 16 மி.மீ. தண்டு 12 செ.மீ. வரை நீட்டலாம் என்பது என் கணக்கு.

கனமாக எடுத்துத் தள்ள வேண்டியபோது இழுத்து வெட்டலாம். கைப்பிடியை நன்றாகத் தாழ்த்தி, பள்ளத்தைப் போகும் பக்கம் திருப்பி, இறக்கையால் அடியிலிருந்து வாய்ப் பக்கம் இழுங்கள். சீவல் கை நிறைய வரும். வடிவம் வந்ததும், புதுக்கூரோடு மெல்லிய ஒரு தள்ளு வெட்டு. அப்படியும் எதிர்நாரில் லேசான சொரசொரப்பு இருந்தால், கைப்பிடியை இன்னும் தாழ்த்தி, பள்ளத்தை ஏறக்குறைய மரத்தைப் பார்க்க மூடி, கீழ் இறக்கையால் பஞ்சு மாதிரி சீவல் வரும்படி வருடிவிடுங்கள். இதில் பெவல் படாது, அதனால் கை பாரம் துளியும் இருக்கக் கூடாது.

அடியில் சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் லேத்தின் தாடை) பிடிக்க ஒரு குமிழ் விடுங்கள். விட்டம் மரவையின் விட்டத்தில் ஏறக்குறைய 40 சதவீதம். தோள் தட்டையாக இருக்கட்டும், சக்கின் முகம் அதில் உட்கார்ந்தால்தான் ஆடாது.

உள்பக்கம்

கட்டையைத் திருப்பி சக்கில் மாட்டுங்கள். உள்ளே முதல் வெட்டுதான் எல்லோரையும் பயமுறுத்தும். பெவல் சாய ஒரு இடமும் இல்லாததால் உளி வாய் ஓரத்தில் வழுக்கி வெளியே ஓடப் பார்க்கும். அதனால் நுழையும்போது பள்ளம் முழுக்க மரவையின் நடுவைப் பார்த்து மூடியிருக்க வேண்டும். பெவல் போக வேண்டிய திசைக்கு நேராக இருக்கட்டும். தாங்கியில் இடது கட்டைவிரலை உளிக்குப் பின்னால் அணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வரப்பு வெட்டியதும் பெவல் அதில் சாய்ந்துகொள்ளும். அப்புறம் பள்ளத்தை மெல்ல 45 பாகைக்குத் திறந்து, வளைவைப் பின்தொடர்ந்து நடுவரை போங்கள்.

நடுவை நெருங்க நெருங்க மரம் உளியைக் கடக்கும் வேகம் குறைந்துகொண்டே வரும்; மையப் புள்ளியில் பூஜ்யம். அதனால் நீங்களும் மெதுவாகுங்கள். அவசரப்பட்டால் நடுவில் ஒரு குமிழ் நின்றுவிடும், அல்லது தாண்டிப்போய் எதிர்ப்பக்கம் கடிக்கும்.

முழுவதையும் குடைந்துவிட்டுக் கடைசியில் சுவரை மெலிதாக்கலாம் என்று நினைக்காதீர்கள். மெலிந்த சுவர் அதிரும், அதிர்ந்தால் சுழல்கோடு விழும். வாயிலிருந்து 3 செ.மீ. ஆழம் வரை முதலில் முடித்த தடிமனுக்குக் கொண்டுவந்து, அதைத் தொடாமல் அடுத்த 3 செ.மீ. போங்கள். நடுவில் தடிமனாக இருக்கும் கட்டை மேலே சுவரைத் தாங்கிக்கொள்ளும். பச்சை மரத்தில் இது இன்னும் முக்கியம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வாய் நீள்வட்டமாகியிருக்கும்.

சுவர் அடியோடு வளையும் இடத்தில் 55 பாகை கௌஜின் கைப்பிடி எதிர் வாயில் இடிக்க ஆரம்பிக்கும். இடிக்காமல் பிடித்தால் பெவல் மரத்தை விட்டு எழுந்துவிடும். அங்கேதான் அந்த 70 பாகை கௌஜ். மொட்டைக் கோணம் என்பதால் கைப்பிடி வாய்க்கு வெளியே நிமிர்ந்து நிற்கும்போதும் பெவல் அடியில் சாய்ந்திருக்கும். புதுக்கூர் பிடித்து, வளைவுக்குச் சற்று மேலே ஏற்கெனவே முடித்த பரப்பில் பெவலை வைத்து, வெட்டாமல் ஒரு அங்குலம் சும்மா உரசி வந்து, பழைய வெட்டு முடிந்த இடத்தில் சீவலை எழுப்புங்கள். இரண்டு உளியின் வேலையும் சேர்ந்த தடம் விரலுக்குத் தெரியாது.

விரலை ஓடவிட்டுப் பார்ப்பது லேத்தை நிறுத்திய பிறகுதான். கண்ணை மூடிக்கொண்டு வாயிலிருந்து அடிவரை தடவுங்கள். நல்ல வெட்டில் 120 அல்லது 150 கிரிட் உப்புத்தாளிலேயே ஆரம்பிக்கலாம். 60 தேவைப்பட்டால் தாளை வைத்துவிட்டு மறுபடி சாணைக்குப் போங்கள்.

வேலை முடிந்ததும் கௌஜை அப்படியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். பச்சை மரத்தின் சாறும் நம் கடற்காற்றும் சேர்ந்தால் எச்.எஸ்.எஸ்.கூட ஒரே இரவில் துரு பூக்கும். முக்கியமாகப் பள்ளத்துக்குள், விளிம்பை ஒட்டி. பழைய பனியன் துணியில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, பள்ளத்துக்குள் கைப்பிடிப் பக்கமிருந்து மூக்கை நோக்கித் துடையுங்கள்.